மலையப்பன் போன ஹாலே

காவேரிப்பட்டினம்னு ஊர் பேரைச் சொன்னாலே, "ஓ, பூம்புகாரா?"ன்னு கேட்பாங்க. இல்லைங்க. நம்ம ஊர் கிருஷ்ணகிரி பக்கம், ஓடுறது தென்பெண்ணை, கடலே கிடையாது. ஆனா இன்னிக்குக் கதை அந்தக் கடற்கரைலதான் தொடங்குது. பூம்புகாருக்குத் தெற்கே, தரங்கம்பாடி.

ஆபீஸ் வேலையா பெர்லின் போனப்போ ஒரு ஞாயிறு மிச்சமிருந்தது. கூட வந்தவங்க சுவரைப் பார்க்கப் போனாங்க. நான் ரயிலேறி ஹாலே போயிட்டேன். காலையில மார்க்கெட் சதுக்கத்துல இருக்கிற பெரிய தேவாலயத்துல ஆராதனை. இசைமேதை ஹேண்டலுக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம். கூட்டம் கம்மி, பெரும்பாலும் வயசானவங்க. ஒரு பாட்டி எங்கிருந்து வர்றேன்னு கேட்டாங்க. தமிழ்நாடுன்னதும், "அப்போ ஃபிராங்கே இல்லத்துக்குக் கட்டாயம் போங்க"ன்னு வழி காட்டினாங்க.

1698-ல் ஃபிராங்கே என்ற போதகர் கட்டத் தொடங்கிய அநாதை இல்லம் அது. இன்னிக்கும் கம்பீரமா நிக்குது. இங்கே தமிழ் ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்து வச்சிருக்காங்க. ஹாலேக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

டென்மார்க் ராஜா அனுப்பி, 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கியவர் சீகன்பால்கு. ஹாலேயில் படித்தவர். டேனிஷ் கவர்னரோட ஒத்துப்போகாம 1708-ல் நாலு மாசம் ஜெயில்ல இருந்தார். தமிழ் அச்செழுத்துகளை முதலில் வார்த்து அனுப்பினதும் ஹாலேதான். எழுத்து ரொம்பப் பெருசு, காகிதமோ பற்றாக்குறை. அதனால தரங்கம்பாடியிலேயே சின்னதா மறுபடி வார்த்தாங்க. 1715-க்குள்ள புதிய ஏற்பாடு முழுசா அச்சாயிடுச்சு.

என்னைப் பிடிச்சு நிறுத்தினது இன்னொருத்தர் கதை. 1714 அக்டோபர்ல சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். கூடவே மலையப்பன்னு ஒரு தமிழ் இளைஞர். ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டு 1715 ஜூன்ல நார்வேயின் பெர்கன் துறைமுகம். அந்த எட்டு மாசமும் கப்பல்ல சும்மா இல்லை. லத்தீன்ல ஒரு தமிழ் இலக்கணம் எழுதும் வேலை ஓடிச்சு. சந்தேகம் வந்தா கேட்க, பேச்சு வழக்கைச் சரிபார்க்க, பக்கத்துல இருந்த ஒரே தமிழ்க் காது மலையப்பனோடது. 1716-ல் 'கிராமாட்டிகா தமுலிகா'ன்னு ஹாலேயில் அச்சாச்சு. முகப்புல ஆசிரியர் பெயர் ஒண்ணுதான், சீகன்பால்கு.

நாம கோடு எழுதுறப்போ யார் எந்த வரியைத் தொட்டாங்கன்னு கிட் காட்டிக்கொடுத்திடும். அந்த இலக்கணத்துக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. சீகன்பால்குவைக் குறைச்சுப் பேசலை, உழைச்ச மனுஷன். நம்ம தெய்வங்களைப் பத்தி 1713-லேயே ஒரு பெரிய நூல் எழுதினார். ஹாலேக்காரங்களுக்கு அது ரசிக்கலை, அச்சடிக்கவே இல்லை. கடைசியில 1867-ல் சென்னையில்தான் வெளிவந்தது. அவருக்கே அந்த நிலைமைன்னா, மலையப்பன் பேரை யார் முகப்புல போடப்போறாங்க?

இதே ஹாலேயில், தமிழ் பைபிள் அச்சு வேலைக்காகத் தமிழ் கத்துக்கிட்டவர் ஷ்வார்ட்ஸ். 1750-ல் நம்ம பக்கம் வந்தார். 1767-ல் நம்ம காவேரிப்பட்டினத்தைப் பிடிச்ச ஹைதர் அலியைப் பார்க்க, 1779-ல் ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குத் தூது போனவரும் அவர்தான். அந்தப் பயணம் அடுத்த எபிசோடுல.