உடலற்ற முகம்: பெருந்தீனி விலங்கின் உருவமும் கதையும்

தமிழகத்துக் கோயிற்கலையைப் பயில்வோர் எங்கும் எதிர்ப்படும் உருவங்களுள் ஒன்று கீர்த்திமுகம். உருண்டு பிதுங்கிய விழிகளும், வெளிப்பட்ட கோரைப் பற்களும், அகன்ற வாயும் உடைய இம்முகத்திற்கு உடல் இல்லை. பல இடங்களில் கீழ்த்தாடையும் இல்லை. விமானக் கூட்டின் உச்சியிலும், மகர தோரணத்தின் நடுவிலும், திருவாசியின் முடியிலும், செப்புத் திருமேனிகளின் அரைப்பட்டிகை முகப்பிலும் இதனைக் காணலாம். தன் உடலைத் தானே தின்ற பெருந்தீனி விலங்கின் முகம் இது என்று புராணம் கூறும்.

சீன நாட்டுத் தொல்கலையிலும் இதனை ஒத்த ஒரு முகம் உண்டு. அதற்கும் உடல் இல்லை. கீழ்த்தாடை பெரும்பாலும் இல்லை. அதனையும் பெருந்தீனி விலங்கு என்றே சீனர் வழங்குவர். இவ்வொற்றுமை கண்ட அறிஞர் சிலர், இவ்விரண்டும் ஒரு மூலத்தினின்று பிரிந்தவை என்று கருதினர். இக்கருத்து பொருந்துமா என்பதும், கதையைக் கொண்டு உருவத்தை விளக்குவது முறையா என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்பெறும். பல்லவர் காலத்தில் எழுந்து சோழர் காலத்தில் ஓங்கிய உத்தரமேரூரையும் அதனைச் சூழ்ந்த தொண்டைநாட்டையும் நம் ஆய்வுக்கு நிலைக்களமாகக் கொள்வோம்.

1. சீனத்து முகம்

ஷாங் மரபினர் ஏறத்தாழக் கி.மு. 1600 முதல் கி.மு. 1046 வரை சீனத்தின் வடபகுதியில் ஆண்டனர். அவர்கள் முன்னோர் வழிபாட்டில் உணவும் மதுவும் படைத்தற்கு வெண்கலக் கலங்களை வார்த்தனர். அக்கலங்களின் புறத்தே, நடுக்கோட்டின் இருமருங்கும் ஒத்தமைந்த கண், கொம்பு, புருவம் ஆகியன சேர்ந்து ஒரு முகமாகத் தோன்றும். 1928 ஆம் ஆண்டு முதல் ஆன்யாங்கில் நிகழ்ந்த அகழாய்வுகளும், 1976 இல் அங்கே கண்டறியப்பட்ட பூ ஹாவ் என்னும் அரசியின் கல்லறையும் இத்தகைய கலங்களை மிகுதியாக வெளிக்கொணர்ந்தன.

இம்முகத்திற்கு இன்று வழங்கும் பெயர் 'தாவ்தியே' என்பது. பெருந்தீனியன் என்பது அதன் பொருள். ஆனால் இப்பெயரை ஷாங் மக்கள் வழங்கியமைக்கு அவர்தம் எலும்பெழுத்துக்களிலோ கலவெழுத்துக்களிலோ சான்றில்லை. கி.மு. 239 ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட 'லூஷி சுன்சியு' என்னும் நூலே, முற்காலக் கலங்களில் தாவ்தியே உருவம் உண்டென்றும், அதற்குத் தலையுண்டு உடலில்லை என்றும், அது மனிதரைத் தின்ன முற்பட்டு விழுங்குமுன் தானே கேடுற்றது என்றும் கூறுகின்றது. தீவினையின் பயனை அறிவுறுத்தவே அவ்வுருவம் பொறிக்கப்பட்டது என்பது அந்நூலின் விளக்கம். ஷாங் மரபு வீழ்ந்து ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின் எழுந்த விளக்கம் இது. பின்னர்ச் சுங் மரபுக் காலத்தில், பழம்பொருள் ஆய்வாளராகிய லூ தாலின் கி.பி. 1092 இல் இயற்றிய நூலாலும் அவர்தம் காலத்து அறிஞராலும் இப்பெயர் கலங்களின் மீது நிலைத்தது. இக்கால ஆய்வாளர் பலர் இப்பெயரை விடுத்து, 'விலங்குமுகக் கோலம்' என்று பொதுப்பெயரால் சுட்டுகின்றனர்.

இங்கு மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. 'சோ சுவான்' என்னும் பழைய வரலாற்று நூலில் தாவ்தியே விலங்கன்று. உணவிலும் பொருளிலும் அடங்கா வேட்கை கொண்ட ஒரு குலமகன். ஷுன் என்னும் பேரரசன் அவனையும் அவனையொத்த தீயோர் மூவரையும் நாட்டின் நான்கு எல்லைகளுக்குத் துரத்தினான் என்றும், அங்கு அவர்கள் பேய்க்கணங்களைத் தடுக்குமாறு வைக்கப்பட்டனர் என்றும் அந்நூல் கூறுகின்றது. பெருந்தீனியன் எல்லைக் காவலன் ஆன வரலாறு இது.

2. புராணத்து முகம்

கீர்த்திமுகத்தின் கதை கந்த புராணத்தின் வடமொழி மூலத்திலும் சிவபுராணத்திலும் சலந்தரன் வரலாற்றின் பகுதியாக வருகின்றது. சலந்தரன் இராகுவைத் தூதாக விடுத்து, உமையைத் தனக்குத் தருமாறு சிவபெருமானிடம் கேட்பித்தான். இறைவன் புருவ நடுவினின்று சிங்க முகமும், தழலும் விழியும், வற்றிய உடலும் கொண்ட பூதம் ஒன்று தோன்றி இராகுவை விழுங்கப் பாய்ந்தது. இராகு அடைக்கலம் புகுந்தமையால் அவனை விடுமாறு இறைவன் பணித்தான். "பசி வருத்துகின்றது, யாது உண்பேன்?" என்று பூதம் வினவ, "உன் கைகால்களின் ஊனையே உண்க" என்று விடை வந்தது. பூதம் அவ்வாறே தன்னைத் தின்னத் தொடங்கித் தலையொன்றே எஞ்சுமளவும் தின்றது. அது கண்டு மகிழ்ந்த இறைவன் அதற்குக் கீர்த்திமுகம் என்று பெயரிட்டுத் தன் வாயிலில் என்றும் நிற்குமாறு அருளினான். அதனை வணங்காது புகுவோர் தன் அருள் பெறார் என்றும் கூறினான்.

இக்கதையில் விழுங்குவோர் இருவர். இராகுவும் உடலற்ற தலையே. அவன் விழுங்கிய திங்கள் வயிறின்மையால் வெளிப்படும். தலைமட்டும் உடைய ஒருவனைத் தின்ன வந்த பூதம், தானும் தலைமட்டும் உடையதாய் முடிகின்றது. வயிறு இல்லாத வாய்க்கு நிறைவு என்பதே இல்லை என்னும் கருத்து இரண்டிற்கும் பொது.

ஆயினும் இக்கதையைச் சிற்பத்தின் தோற்றத்திற்குக் காரணமாகக் கொள்ளலாகாது. குப்தர் காலத்துக் கோயில்களிலேயே இம்முகம் அணியுறுப்பாக அமைந்துவிட்டது. புராணங்களின் இப்பகுதிகளோ பல நூற்றாண்டுகளாகத் தொகுத்தும் விரித்தும் வந்தவை. அவை அச்சிற்பங்களுக்கு முற்பட்டவை என்று நிறுவுதல் அரிது. மேலும் இம்முகம் திருமால் கோயில்களிலும், சமண பௌத்தக் கட்டடங்களிலும் காணப்படுகின்றது. சாவக நாட்டுப் போரோபுதூரில் படிவாயில்களின் மேல் இதனைக் காண்கிறோம். சைவக் கதையொன்று இவை அனைத்திற்கும் மூலமாதல் இயலாது. உடலின்றி நின்ற முகத்தைக் கண்ட மக்கள், "உடல் எங்கே?" என்று வினவினர், அவ்வினாவிற்கு விடையாகக் கதை பிறந்தது என்று கொள்வதே பொருத்தமாகும். சீனத்தில் நிகழ்ந்ததும் இதுவே.

3. தொண்டைநாட்டுச் சான்று

உருவம் முற்பட்டது, கதை பிற்பட்டது என்பதற்குத் தமிழகக் கட்டடக்கலையே நல்லதொரு துணை தருகின்றது. விமானத்தின் கபோதத்தில் குதிரைலாட வடிவில் அமையும் சிறு வளைவைக் கூடு என்பர். இக்கூட்டின் வளர்ச்சியைக் கொண்டு கோயில்களின் காலத்தை வரையறுக்கும் முறையை, புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் 1914 இல் வெளியிட்ட தம் நூலில் காட்டினார். பல்லவர் கூட்டின் முடி, அகன்ற மண்வெட்டித் தகடு போன்று தட்டையாக இருக்கும். சோழர் காலத்தில் அவ்விடத்தைச் சிங்கமுகம் கைப்பற்றுகின்றது. இது படிப்படியாக நேர்ந்த மாற்றம்; தகடு முகமாக மாறியதற்குப் புராணக் கதையைக் காரணங்காட்ட வேண்டுவதில்லை. அணி வளர்ச்சி தன்போக்கில் நடந்தது.

பல்லவர்க்குச் சிங்கம் புதியதன்று. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், குடைவிடத்தைச் சூழ யாளித் தலைகளைச் செதுக்கியுள்ளனர். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பாயும் சிங்கங்கள் தூண்களைத் தாங்குகின்றன. யானையை வெல்லும் ஆளி என்னும் விலங்கு சங்க நூல்களிலேயே பயில்வது. எனவே வடபுலத்துக் கீர்த்திமுகம் இங்கு வந்தபோது, அதனை ஏற்கத் தமிழ் மரபில் ஆளியும் சிங்கமும் முன்னரே இருந்தன. தமிழ்ச் சிற்பியர் அதனைச் சிங்கமுகம் என்றும் யாளிமுகம் என்றும் வழங்கியது இதனாலேயாம்.

இரண்டாம் நந்திவருமன் காலத்தில், கி.பி. எட்டாம் நூற்றாண்டில், சதுர்வேதி மங்கலமாக விளங்கிய உத்தரமேரூர் இம்மாற்றத்தைப் பயிலத்தக்க இடம். நின்றும் இருந்தும் கிடந்தும் திருமால் காட்சிதரும் மூன்று நிலைக் கருவறைகளையுடைய சுந்தரவரதப் பெருமாள் கோயிலும், முதற் பராந்தகனின் கல்வெட்டுக்களைத் தாங்கிய வைகுந்தப் பெருமாள் கோயிலும் அங்குள்ளன. ஆனால் ஒரு விழிப்பு வேண்டும். திருப்பணிதோறும் புதுக்கப்படும் சுதைமுகங்கள் பழைய வடிவிற்குச் சான்றாகா. சுதையையும் கல்லையும் பிரித்தறியாது, கண்ட முகமெல்லாம் கீர்த்திமுகம் என்று எழுதி, உடனே சலந்தரன் கதையை அடியிற் சேர்ப்பது ஆய்வுமுறை ஆகாது.

4. தமிழ் இலக்கியத்துப் பெருந்தீனியர்

தமிழிலக்கியம் பெருந்தீனியை எவ்வாறு கண்டது என்பதையும் நோக்குவோம். திருவிளையாடற் புராணத்தில் குண்டோதரன் என்னும் பூதம், தடாதகையின் திருமணத்தில் சமைத்த உணவனைத்தையும் உண்டும் பசி தீராது நிற்கின்றது. இறைவன் அன்னக்குழியை வரவழைத்துப் பசியையும், வையையை அழைத்து வேட்கையையும் தணிக்கின்றான். மணிமேகலையில் காயசண்டிகை, முனிவன் சாபத்தால் யானைத்தீ என்னும் பெரும்பசி கொண்டு பன்னீராண்டு அலைகின்றாள். ஆதிரை முதற்கண் பிச்சையிட்ட அமுதசுரபியிலிருந்து மணிமேகலை அளித்த உணவே அவள் பசியைத் தீர்க்கின்றது. பின்னர், வற்கடத்தால் வாடிய காஞ்சி மாநகரிலும் அவ்வமுதசுரபி பசிப்பிணி தீர்த்தது என்பது நம் ஆய்வு நிலத்திற்கே உரிய செய்தி.

சீனக் கதையில் பெருந்தீனி தண்டிக்கப்படுகின்றது. சலந்தரன் கதையில் தன்னையே தின்று அடங்குகின்றது. தமிழ்க் கதைகளிலோ ஊட்டப்பட்டுத் தணிகின்றது. பசித்தவன் குற்றவாளி அல்லன், பிணியுற்றவன் என்பது மணிமேகலையின் கொள்கை. அளவறிந்து உண்ணலை 'மருந்து' அதிகாரத்திலும், பிறர்பொருள் விரும்பாமையை 'வெஃகாமை'யிலும் வள்ளுவர் வேறுவேறாக வகுத்தமையும் இங்கு நினைக்கத்தக்கது. வயிற்றுப் பசி வேறு. வெஃகும் பசி வேறு. சீனரின் தாவ்தியே என்னும் சொல் இவ்விரண்டையும் ஒருங்கே சுட்டுகின்றது.

5. வாயிலும் எல்லையும்

இரு மரபுகளும் உண்மையாகவே ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு. தாவ்தியே நாட்டெல்லையில் நிறுத்தப்பட்டான். கீர்த்திமுகம் வாயிலில் நிறுத்தப்பட்டது. உள்ளிருந்தால் கேடு செய்யும் ஆற்றலை எல்லையில் வைத்து, புறத்திருந்து வரும் கேட்டை அதனாலேயே தடுப்பது இக்கருத்து. இது கொடுத்தும் கொண்டும் வந்த கருத்தென்று காட்ட இயலாது. காஞ்சிக்குச் சுவான்சாங் வந்தது ஏழாம் நூற்றாண்டு. இராசசிம்மன் சீன அரசனிடம் தூது விடுத்தது கி.பி. 720; முதல் இராசராசன் விடுத்த தூதர் சீனம் சேர்ந்தது கி.பி. 1015. இத்தொடர்புகள் அனைத்தும் ஷாங் கலங்களுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிற்பட்டவை. அச்சத்தைக் காவலாக மாற்றும் மனித மனமே இரண்டிடத்தும் தனித்தனியே இதனைப் படைத்தது எனலாம்.

பெருவேட்கையை வாயிலிலேயே தடுக்கும் இவ்வுணர்வு சிற்பத்தில் மட்டும் இல்லை. உத்தரமேரூர்ச் சபையார் கி.பி. 919 இலும் 921 இலும் வகுத்த குடவோலை விதிகளை நோக்குக. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதாரும், அவர்தம் நெருங்கிய உறவினரும், பிறர்பொருள் கவர்ந்தாரும் ஓலையில் பெயரெழுதப் பெறும் தகுதியிழந்தனர். உண்ணத்தகாதன உண்டு கழுவாய் செய்தோரும் விலக்கப்பட்டனர். முப்பது குடும்புகளின் ஓலைகளும் குடத்திற்குட் செல்லுமுன்னரே வெஃகுவோர் வெளியே நிறுத்தப்பட்டனர். கல்வெட்டிலிருந்து சிற்பம் பிறந்தது என்பதோ, சிற்பத்திலிருந்து கல்வெட்டு பிறந்தது என்பதோ நம் கருத்தன்று. பொது உடைமையை உண்ணும் வாயை அக்கால மக்கள் எவ்வளவு அஞ்சினர் என்பதற்கு இக்கல்வெட்டே தெளிவான சான்று. புராணக் கதையினும் இது வலியது, காலம் குறித்தது.

6. இக்கால வழக்கு

இம்முகங்கள் இன்றும் மறையவில்லை. தமிழ்நாட்டில் புதுவீடு கட்டுவோர் கோரைப் பற்களும் தொங்கு நாவும் உடைய திருட்டி முகத்தை வாயிலின் மேல் மாட்டுகின்றனர். பூசணியில் முகமெழுதிக் கட்டுகின்றனர். சலந்தரன் கதை அறியாதாரும் இதனைச் செய்வது, உருவம் கதையின்றியே வாழும் என்பதற்கு உயிருள்ள சான்றாகும். சீனத்திலோ கதையே உருவத்தை வென்றது. 2016 இல் சாங் யீமோ இயக்கிய 'தி கிரேட் வால்' திரைப்படத்தில் தாவ்தியே, பெருஞ்சுவரை மோதும் விலங்குக் கூட்டமாக முழு உடலுடன் வருகின்றது. உடலில்லை என்று பழநூல் கூறிய விலங்கிற்குத் திரைப்படம் உடல் வழங்கிவிட்டது. காவலாக எல்லையில் நின்றது, எல்லையைத் தாக்குவதாகவும் மாறிவிட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சீனத்து முகமும் நம் கீர்த்திமுகமும் ஒரு மூலத்தன அல்ல என்பதும், இரண்டிலும் உருவம் முற்பட்டுக் கதை பிற்பட்டது என்பதும், பெருந்தீனியை எல்லைக் காவலாக்கும் கருத்தொன்றே அவற்றை ஒப்புமைப்படுத்துகின்றது என்பதும் பெறப்பட்டன. கதை பிற்பட்டதாயின் பயனற்றது என்பது பொருளன்று. ஒரு மக்கள் ஒரு முகத்தைப் பார்த்து எதை அஞ்சினர், எதனால் ஆறுதல் பெற்றனர் என்பதை அது கூறும். ஆயினும் அது கதை பிறந்த காலத்தின் சான்றேயன்றி, கல் செதுக்கிய காலத்தின் சான்று ஆகாது. சிற்பத்தைச் சிற்ப வளர்ச்சியாலும், கதையை நூற்கால ஆய்வாலும், ஊரின் வாழ்வைக் கல்வெட்டாலும் தனித்தனியே துணிந்த பின்னரே மூன்றையும் ஒருங்கு வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யும் இளம் ஆய்வாளர்க்குத் தொண்டைநாட்டுக் கூடுகள் ஒவ்வொன்றும் ஒரு நூலாகப் பயன்படும்.