விழுங்கப்பட்டவற்றின் வரலாறு

வானம் என்றும் மாறாதது என்னும் எண்ணம் மனித சமுதாயத்தில் மிகப் பழையது. மண்ணில் முடிகள் சரிந்தன, ஆட்சிகள் மாறின. விண்மீன்களோ நிலைத்து நின்றன என நம்பப்பட்டது. மாறாத வானத்தைக் காட்டி மாறாத விதியைப் போதித்தோர் பலர். அந்த வானத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அது அழிவும் ஆக்கமும் நிறைந்த வரலாறு. நட்சத்திர ஓடைகள் பற்றிய ஆராய்ச்சி இதனை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியுள்ளது.

1962 இல் எகன், லின்டன்-பெல், சண்டேஜ் ஆகிய மூவரும் 221 நட்சத்திரங்களின் இயக்கத்தை ஆராய்ந்தனர். ஒரு பெரும் வாயுமுகில் விரைந்து சுருங்கியதாலேயே நமது பால்வீதி தோன்றிற்று என்பது அவர்கள் முடிவு. 1978 இல் சேர்ளும் சின்னும் 19 கோளக் கொத்துக்களை ஆராய்ந்து இதனை மறுத்தனர். பால்வீதியின் புறப்பகுதி ஒரே வேளையில் அமைந்ததன்று. சிறு துண்டங்கள் பல, நீண்ட காலமாக வந்து சேர்ந்ததால் உருவானது என்றனர். எது உண்மை என்பதைத் தீர்க்கக் கண்கண்ட சான்று வேண்டியிருந்தது.

அச்சான்று 1994 இல் எதிர்பாராத வகையிற் கிடைத்தது. இபாட்டா, கில்மோர், ஏர்வின் ஆகியோர் பால்வீதியின் மையப் பகுதியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அப்போது தனு இராசித் திசையில், மையத்துக்கும் அப்பால், தனி வேகத்துடன் செல்லும் ஒரு நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டனர். அது பால்வீதியால் சிதைக்கப்பட்டு வரும் ஒரு சிறு மண்டலம். அதிலிருந்து பிரிந்த நட்சத்திரங்கள் வானையே சுற்றி வளைத்து ஓடுவதை 2003 இல் மயெவ்ஸ்கியும் தோழர்களும் காட்டினர்.

இச்சிதைவின் காரணம் நாம் அறிந்ததே. சந்திரனின் ஈர்ப்பு பூமியின் அண்மைப் பக்கத்தில் மிகுந்தும் மறுபக்கத்தில் குறைந்தும் இருப்பதாற் கடலில் வற்றுப்பெருக்கு உண்டாகிறது. அவ்வாறே பெருமண்டலத்தின் ஈர்ப்பு சிறுமண்டலத்தை இருபுறமும் இழுத்து நீட்டுகிறது. உட்புறமாகக் கழன்ற நட்சத்திரங்கள் குறுகிய பாதையில் முந்திச் செல்கின்றன. வெளிப்புறமாகக் கழன்றவை பின்தங்குகின்றன. இவ்வாறு முன்னும் பின்னுமாக இரு கைகள் நீளுகின்றன. பலோமர் 5 என்னும் கோளக் கொத்தின் இரு வால்கள் 2001 இற் கண்டறியப்பட்டன. இன்று அறியப்பட்ட ஓடைகள் ஏறத்தாழ நூறு.

சில மண்டலங்கள் ஓடையாகவும் எஞ்சாது கலந்துவிட்டன. எனினும் அவற்றின் பிறப்பு அழிந்துவிடவில்லை. நட்சத்திரத்தின் இயக்கமும், அதிலுள்ள மூலகங்களின் விகிதமும் அது எங்கே பிறந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. 2013 இல் ஏவப்பட்ட கையா விண்கலம் அளந்த நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இயக்கம் 2018 இல் உலகத்தார் யாவர்க்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. அவ்வாண்டிலேயே, ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வீதியிற் கலந்த ஒரு மண்டலத்தின் எச்சங்களை பெலக்குரோவ் குழுவினரும், ஆர்ஜென்டீனாவிற் பிறந்த அமினா ஹெல்மியின் குழுவினரும் இனங்கண்டனர்.

இயற்கையின் விதியை அப்படியே சமுதாயத்தின் மீது ஏற்றுவது தவறு. நட்சத்திரங்களிடையே சுரண்டலும் இல்லை, நீதியும் இல்லை. ஆயினும் இவ்வாராய்ச்சியின் முறை நமக்கு உரியது. பெரியது ஒன்றைக் கண்டு வியப்பதோடு நில்லாமல், அது எவ்வாறு பெரிதாயிற்று, எவை அதனுட் கரைந்தன என்று அது கேட்டது. நாமோ வகுப்பறையிற் பால்வீதியைச் சுருள் வடிவமாக வரைந்து காட்டுவதோடு நின்றுவிடுகிறோம். வடிவத்தைக் கற்பிக்கிறோம், வரலாற்றைக் கற்பிப்பதில்லை. இருப்பதெல்லாம் என்றும் இப்படியே இருந்தது என மாணவன் எண்ணுவது அங்கேதான் தொடங்குகிறது. அந்த எண்ணத்தை வானத்திலிருந்தே நாம் அகற்றத் தொடங்கலாம்.