சூரிய மகுடப் பொருள் வெளியேற்றம்

பூரண கிரகணத்தின்போது மட்டுமே வெறுங்கண்ணுக்கு வெண்ணிறப் பிரபையாகப் புலப்படும் கொரோனா என்னும் சூரியனது மகுட மண்டலத்திலிருந்து, நூறு கோடி டன்னும் அதற்கு மேலுமான பிளாஸ்மா என்னும் மின்னேறிய வாயு, தன் காந்தப் புலத்தையும் உடன்கொண்டு விண்வெளியில் பாயும் நிகழ்ச்சி. சூரியனுடைய நடுக்கோட்டுப் பகுதி துருவப் பகுதிகளைவிட விரைந்து சுழல்வதால், அதன் காந்தக் கோடுகள் முறுக்கிய கயிறுபோல் சக்தியைத் தம்முள் தேக்கிக்கொள்கின்றன. அவை அறுபட்டு வேறு விதமாக இணையும்போது அச்சக்தி விடுபட்டு, பொருள் முழுவதையும் வினாடிக்குச் சில நூறு முதல் 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசியெறிகிறது. பூமியை நோக்கி வருவன பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு நாட்களில் வந்தடையும்.

1859 செப்டம்பர் 1 அன்று ஆங்கில வானியலாளர் காரிங்டன் சூரியனில் ஒரு பேரொளியைக் கண்டார். அதனோடு கிளம்பிய வெளியேற்றம் பூமியைத் தாக்க, மறுநாளே பம்பாய் கொலாபா காந்த ஆய்வுக்கூடத்தில், கருவியைக் கண்ணால் பார்த்துக் குறித்துவந்தவர்களின் ஏட்டில், பூமியின் கிடைக்காந்தப் புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்தது பதிவாயிற்று. பாரத நாட்டில் எழுதப்பட்ட அந்த ஏடு உலக விஞ்ஞானத்துக்குக் கிடைத்த அரும்பொக்கிஷமாகும். எனினும் வெளியேற்றத்தையே நேரில் கண்டது 1971 டிசம்பரில், ஓஎஸ்ஓ-7 என்னும் விண்கலத்தின் வாயிலாகத்தான். 1989 மார்ச் 13 அன்று இத்தகைய ஒரு தாக்குதலால் கனடாவின் கியூபெக் மாகாண மின்தொகுப்பு சுமார் 90 வினாடிகளில் வீழ்ந்தது.

பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு அத்தகைய அபாயம் குறைவே. ஆனால் மேல்வளியிலுள்ள அயனிமண்டலம் கலங்கும்போது, பழவேற்காட்டு மீனவர் படகில் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். கருவி பிழைபடக்கூடும். அந்தப் பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே, செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக விளங்கிய ஆதித்யா-எல்1 என்னும் சூரிய ஆய்வுக்கலம், 2023 செப்டம்பர் 2 முற்பகல் 11.50 மணிக்குப் புறப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கிலோமீட்டரிலுள்ள தன் நிலையை அடைந்தது. இந்திய வானியற்பியல் நிறுவனம் சமைத்த அதன் கொரோனா நோக்கி சூரிய வட்டத்தை மறைத்து, ஓயாத செயற்கைக் கிரகணத்தில் மகுடத்தின் அடிப்பகுதியைக் காண்கிறது. கலத்தின் சொந்தக் காந்தம் கலவாதிருக்க, காந்தமானி உணரிகள் 6 மீட்டர் நீளக் கையொன்றில் பொருத்தப்பட்டுள்ளன. வரும் பிளாஸ்மா மேகத்தின் காந்தப் புலம் தெற்கு நோக்கியிருந்தால் பூமியின் காந்தக் கவசம் எளிதில் திறந்துவிடும். ஆகவே அத்திசையை அறிவதே எல்லாவற்றினும் முக்கியம். வேகமான மேகமாயின், அது கலத்தைக் கடக்கையில் அத்திசையை அறிந்தபின் நமக்கு எஞ்சுவது ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த அவகாசமே. சூரியனை விட்டுக் கிளம்பும்போதே அதை நம்பகமாகக் கணிக்கும் முறை இன்னும் கைகூடவில்லை.