உரிமையும் ஊதியமும்: பிரெஞ்சுப் புரட்சி, தொழிற் புரட்சி ஆகியவற்றின் வழியே ஐரோப்பியப் பெண்டிர் அடைந்த மாற்றங்கள்

முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸிலே மூண்டெழுந்த அரசியற் புரட்சியும், ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்திலே உருவெடுத்த தொழிற் புரட்சியும் நவீன சமுதாயத்தின் இரு தோற்றுவாய்கள் என்பது சரித்திர ஆசிரியர் பலர்க்கும் உடன்பாடான கருத்து. எனினும், மனித குலத்தின் ஒரு பாதியாகிய பெண்டிருக்கு இவை எதை அளித்தன, எதை மறுத்தன என்னும் வினாவுக்கு, இவற்றைத் தனித்தனியே நோக்குவோர் நிறைவான விடை காண்பதில்லை. முன்னது உரிமை என்னும் தத்துவத்தை உலகறியப் பிரகடனம் செய்துவிட்டு, அதனைப் பெண்ணுக்கு உரியதன்று என விலக்கிற்று. பின்னது எத்தத்துவத்தையும் உரையாமலே பெண்ணை ஆலைக்கு அழைத்து ஊதியம் தந்தது. ஆயினும் அவ்வூதியம் அவளுக்கே உரியது என்று சட்டம் சொல்ல நெடுங்காலம் ஆயிற்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்த பின்னரே பெண்டிர் நிலை மெய்யாக மாறத் தொடங்கியது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரகடனமும் விலக்கும்

1789 ஆம் ஆண்டு ஆகஸ்டு 26 ஆம் நாள் பிரெஞ்சுத் தேசிய சபை, மனிதர்க்கும் குடிமக்களுக்கும் உரிய உரிமைகளைப் பிரகடனம் செய்தது. பதினாறாம் லூயி மன்னரோ அதற்கு இசைவளிக்காமல் காலந்தாழ்த்தி வந்தார். அக்டோபர் 5 ஆம் நாள், ரொட்டியின் தட்டுப்பாட்டாலும் விலையேற்றத்தாலும் நொந்திருந்த பாரிஸ் நகரத்து அங்காடிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, கொட்டும் மழையிலே வெர்ஸேய் அரண்மனைக்கு நடந்து சென்றனர். மன்னர் பிரகடனத்துக்கு இசைந்தது அன்றைய நெருக்கடியிலேதான். மறுநாள் அரச குடும்பமே பாரிஸுக்கு அழைத்து வரப்பட்டது. அப்பிரகடனம் அரச சம்மதம் பெறுவதற்குப் பெண்டிரின் நடைப்பயணமே காரணமாயிருந்தும், 1791 ஆம் ஆண்டு அரசியலமைப்பு அவர்களுக்கு வாக்குரிமையை வழங்கவில்லை.

இவ்வநீதியை அக்காலத்தவரே உணராமலில்லை. தத்துவ ஞானியாகிய கோண்டோர்ஸே 1790 ஆம் ஆண்டிலேயே, பகுத்தறிவுடைமையே உரிமைக்கு ஆதாரமாயின் அது பெண்ணுக்கும் பொது என்று வாதாடினார். அடுத்த ஆண்டில் ஒலாம்ப் தெ கூஜ் என்னும் நாடக ஆசிரியை, பிரகடனத்தின் பதினேழு விதிகளையும் பின்பற்றிப் பெண்ணுரிமைப் பிரகடனம் ஒன்றை இயற்றினார். 1793 ஆம் ஆண்டு மே மாதத்தில் போலின் லியோனும் கிளேர் லகோம்பும் புரட்சிப் பெண்டிர் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தனர். அதே ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் பெண்டிர் சங்கங்கள் யாவும் தடை செய்யப்பட்டன. நான்கு நாட்கள் கழித்து ஒலாம்ப் தெ கூஜ் கில்லட்டினுக்கு இரையானார்.

அரசியலில் மறுக்கப்பட்டது குடும்பச் சட்டத்தில் ஓரளவு கிட்டியது. மரண சாஸனம் இல்லாத சொத்தில் ஆண் மக்களுக்கும் பெண் மக்களுக்கும் சம பங்கு உண்டு என 1791 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1792 ஆம் ஆண்டு செப்டம்பர் 20 ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம், கணவன் மனைவி இருவர்க்கும் ஒத்த முறையில் விவாகரத்து உரிமையை வழங்கியது. ரூவான் போன்ற நகரங்களில், ஒருவர் மட்டுமே கோரிய விவாகரத்துகளுள் பெரும்பாலானவை மனைவியர் கோரியவை என்பது, அவ்வுரிமைக்காக எத்தனை உள்ளங்கள் ஏங்கியிருந்தன என்பதைப் புலப்படுத்தும். ஆனால் நெப்போலியனின் 1804 ஆம் ஆண்டுச் சிவில் சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள் என்றும், அவன் அனுமதியின்றி வழக்காடவும் சொத்தை விற்கவும் இயலாதவள் என்றும் விதித்து, பெற்றதில் பெரும்பகுதியைப் பறித்துக்கொண்டது. 1816 ஆம் ஆண்டில் விவாகரத்தே ஒழிக்கப்பட்டது. அது மீண்டும் வர 1884 வரை காத்திருக்க நேர்ந்தது.

இராட்டினத்திலிருந்து ஆலைக்கு

இங்கிலாந்தில் நிகழ்ந்த மாறுதல் சபைகளிலே தொடங்கியதன்று, குடிசைகளிலே தொடங்கியது. நூல் நூற்றல் அங்கே தொன்றுதொட்டுப் பெண்டிரின் ஜீவனோபாயம். ஒரு தறிக்கு வேண்டிய நூலைத் தரப் பல கைகள் இராட்டினம் சுற்ற வேண்டியிருந்தது. 1760களில் ஹார்கிரீவ்ஸ் அமைத்த ஜென்னி என்னும் நூற்பு இயந்திரமும், 1771 ஆம் ஆண்டில் ஆர்க்ரைட் கிராம்ஃபோர்டில் நிறுவிய நீர்விசை ஆலையும், 1779 ஆம் ஆண்டில் கிராம்டன் கண்ட மியூல் இயந்திரமும் அந்த ஜீவனோபாயத்தை வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்தன. பின்னர் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் நூற்ற நூல் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தபோது, நம் நாட்டிலும் நூற்றுப் பிழைத்த பெண்டிர் அதே இழப்புக்கு ஆளாயினர்.

இயந்திரம் பெண்ணை எல்லாத் துறைகளிலும் ஒன்றுபோல் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது இங்கே ஊன்றி நோக்கற்பாலது. மியூல் நூற்பு, கூலி மிகுந்த ஆடவர் தொழிலாயிற்று. 1829 ஆம் ஆண்டில் கூடிய நூற்பாளர் சங்க மாநாடு பெண்டிரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. விசைத்தறி நெசவிலோ பெண்டிர் பெருந்தொகையினராக நிலைபெற்றனர். அங்கே சங்கங்கள் அவர்களையும் சேர்த்துக்கொண்டன. நெய்த அளவுக்கேற்ற கூலிப் பட்டியல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாயிருந்தது. ஆதலின், பெண்ணின் கூலியை நிர்ணயித்தது இயந்திரத்தின் தன்மை மட்டுமன்று, சங்கத்தின் கொள்கையும் ஆகும். இவ்விடத்தில் ஒரு மிகைக் கூற்றையும் தவிர்த்தல் வேண்டும்: ஆலையே அக்காலப் பெண்டிரின் பெருந்தொழில் என்பது சரியன்று, விக்டோரியா அரசியின் காலம் முழுவதும் வீட்டு ஊழியமே அவர்களுள் மிகுதியானோர்க்கு வேலை தந்தது.

உழைப்பின் கொடுமையைச் சட்டம் மெல்ல மெல்லவே கண்டுகொண்டது. நிலக்கரிச் சுரங்கங்களில் இடுப்பில் வாரும் சங்கிலியும் பூட்டி வண்டியிழுத்த சிறுமியரின் சித்திரங்களைத் தாங்கி வந்த விசாரணை அறிக்கை நாட்டை உலுக்கியதன் விளைவாக, 1842 ஆம் ஆண்டில் பெண்டிர் நிலத்தடியில் வேலை செய்வது தடுக்கப்பட்டது. 1844 ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைப் பெண்டிரின் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாகவும், 1847 ஆம் ஆண்டுச் சட்டம் பத்து மணியாகவும் குறைத்தன. இவை கருணையின் விளைவுகளேயாயினும், பெண்ணைச் சிறாரோடு ஒருங்கே வைத்துக் காக்கப்பட வேண்டியவளாகக் கருதினவேயன்றி, உரிமையுடைய பிரஜையாகக் கருதவில்லை.

ஊதியம் யாருக்கு உரியது?

பன்னிரண்டு மணி நேரம் தறியருகே நின்று அவள் ஈட்டிய பணம், அவள் மணமானவளாயின், ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி கணவனுடையதே. 1870 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மணமான பெண்டிர் சொத்துரிமைச் சட்டமே அவள் சம்பாத்தியத்தை அவளுக்கு உரியதாக்கிற்று. 1882 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையைச் சொத்து முழுமைக்கும் விரித்தது. உரிமைப் பிரகடனத்தை முதலில் முழங்கிய பிரான்ஸிலே மணமான பெண் தன் ஊதியத்தைத் தானே செலவிடும் உரிமை பெற்றது 1907 ஆம் ஆண்டில்தான்.

ஊதியம் கைக்கு வந்தபின் குரலும் எழுந்தது. 1888 ஆம் ஆண்டில் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வெற்றி பெற்றனர். அவர்கள் படும் துன்பத்தைப் பத்திரிகையில் வெளியிட்டுத் துணை நின்றவர் அன்னி பெஸன்ட் அம்மையார். 1901 ஆம் ஆண்டிலே லங்காஷயர் பஞ்சாலைப் பெண்டிர் 29,000-க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு, வாக்குரிமை கோரும் விண்ணப்பத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மில் என்னும் அறிஞர் பெண்டிர்க்கு வாக்குரிமை வேண்டி 1867 ஆம் ஆண்டில் காமன்ஸ் சபையில் கொணர்ந்த திருத்தம் 73-க்கு 196 என்னும் வாக்குகளால் தோற்ற செய்தியை நினைவிற்கொண்டு நோக்கினால், கற்றோர் சபையில் எழுந்த கோரிக்கை ஆலை வாயிலுக்கு வந்து சேர்ந்த அருமை விளங்கும். 1918 ஆம் ஆண்டில் முப்பது வயது நிரம்பிச் சில தகுதிகள் உடைய பெண்டிர்க்கும், 1928 ஆம் ஆண்டில் ஆடவர்க்கு ஒப்பாக எல்லோர்க்கும் வாக்குரிமை கிட்டியது. பிரான்ஸ் அதனை வழங்கியது 1944 ஆம் ஆண்டில். பிரகடனத்துக்கும் அதற்கும் இடையே 155 ஆண்டுகள் கழிந்திருந்தன.

முடிவுரை

இவ்வலை நம் கரையையும் தொட்டது. அயர்லாந்தில் வாக்குரிமைக்காகச் சிறை புகுந்த மார்கரெட் கஸின்ஸ் அம்மையார் முதலியோர் 1917 ஆம் ஆண்டில் அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தை நிறுவ, அன்னி பெஸன்ட் அம்மையாரே அதன் முதல் தலைவரானார். 1921 ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபை பெண்டிர்க்கு வாக்குரிமை அளிக்க இசைந்தது.

மேற்கண்டவற்றால் தெளியப்படுவது இது: உரிமையின் தத்துவம் தானே எந்தப் பெண்ணுக்கும் விடுதலை தரவில்லை; ஊதியமும் தானே தரவில்லை. உழைக்கும் பெண்டிர் சங்கமாகக் கூடி, தம் உழைப்பையே சான்றாகக் காட்டி, ஆடவர் எழுதிய பிரகடனத்தைத் தமக்கும் உரியதெனக் கோரிய இடங்களிலேதான் சட்டம் அசைந்தது. ஆகவே, எந்த நாட்டின் புரட்சியை ஆராய முற்படுவோரும், அது எத்தகைய சாஸனங்களை இயற்றியது என்று வினவுவதோடு அமையாமல், உழைத்த பெண்ணின் கூலி யார் கையைச் சென்றடைந்தது என்பதையும் வினவுவார்களாக.