நாற்பது ஜிபியும் மணலிக்கரை ஏடும்

வித்துராவில் மழை பிடித்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு நகர முடியாது. அப்படி ஒரு ஞாயிறன்று, ஒவ்வொரு டிரான்ஸ்பருக்கும் எங்களோடு மூட்டை கட்டி வந்த பழைய 40 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை அலமாரியிலிருந்து எடுத்தேன். அப்பாவின் கம்ப்யூட்டரில் இருந்தது. 2009-ல் அவர் போனபிறகு கழற்றி வைத்தது. பட்டை கேபிள் மாட்டும் ஐடிஇ ரகம் என்பதால், அடாப்டர் ஒன்று வாங்கித்தான் லேப்டாப்பில் செருக வேண்டியிருந்தது. சுழல ஆரம்பித்ததும் டிக் டிக்கென்று ஒரு சத்தம். இதுதான் கடைசி வாய்ப்பு என்று புரிந்துவிட்டது.

ராத்திரி பத்து மணிக்குப் புது டிஸ்க்கில் எல்லாம் ஏறி முடிந்தது. வங்கிக்காரன் புத்தி, இரண்டு பக்கமும் கோப்புகளை எண்ணி டேலி செய்தேன். இரண்டே இரண்டு கல்யாணப் படங்கள்தான் குறைந்தன. பரவாயில்லை, அந்த மாப்பிள்ளையே இப்போது அந்தப் படங்களைப் பார்க்க விரும்பமாட்டார் :-)

அப்பா எழுதிய கோப்பைத் திறந்தேன். ஓய்வு பெற்றபின், அம்பாசமுத்திரத்தில் தன் சின்ன வயசு, கால்வாய்த் தண்ணீர்ச் சண்டை, தாத்தாவின் கடன் என்று தினமும் ஒரு பக்கம் அடித்துவந்தார். திரையில் வந்தது என்ன தெரியுமா? பவுண்டு குறி, செண்ட் குறி, தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். அந்நியச் செலாவணி கவுண்டர் மாதிரி இருந்தது. ஒரு பைட்கூடக் குறையாமல் வந்திருக்கிறது, ஆனால் ஒரு வார்த்தை படிக்க முடியவில்லை.

இது நம் ஊருக்குப் புதிதல்ல. இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கும் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த கணபதி சாஸ்திரிகள் கதை ஞாபகம் வந்தது. 1860-ல் திருநெல்வேலிப் பக்கம் தருவையில் பிறந்தவர். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான், என்னைப் போலவே மலையைச் சுற்றி இந்தப் பக்கம் பிழைக்க வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் அரசுக்காகப் பழைய சமஸ்கிருத ஏடுகளைத் தேடிப் பதிப்பிப்பது அவர் வேலை. 1905-ல் அந்த நூல்வரிசை தொடங்கியது. பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் எழுதிய பனையோலைக் கட்டு ஒன்று அவருக்குக் கிடைத்தது. (அந்த ஊர் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.) உள்ளே நாடகங்கள். மற்ற இடங்களில் கிடைத்ததையும் சேர்த்துப் பதிமூன்று. 1912 முதல் அவை அச்சில் வந்தன.

காளிதாசனே தனக்கு மூத்தவன் என்று பெயர் சொன்ன பாசன் எழுதியவை இவை என்றார் சாஸ்திரிகள். அதுவரை பாசன் வெறும் பெயர்தான், நூல் எதுவும் கைக்கு வந்ததில்லை. கேரளத்தில் மட்டும் எப்படித் தப்பித்தது? இங்கே சாக்கியார்கள் கூடியாட்டத்தில் இவற்றை நடித்துக்கொண்டே இருந்தார்கள். நடிக்க ஏடு வேண்டும், பழைய ஏடு பூச்சி அரித்தால் புது ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். தேவை இருந்ததால் நகலும் இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். அந்த ஏடுகளில் நாடகத்தின் முன்னுரைப் பகுதியில் ஆசிரியர் பெயரே இல்லை! மற்ற சமஸ்கிருத நாடகங்களில் சூத்திரதாரி வந்து இன்னார் எழுதியது என்று சொல்வான். இதில் சொல்வதில்லை. வேறு நூல்களில் வரும் குறிப்புகளை வைத்துத்தான் சாஸ்திரிகள் பாசன் என்று முடிவுகட்டினார். சாக்கியார்கள் மேடைக்காக வெட்டி ஒட்டியது என்று எதிர்க்கட்சி கிளம்பியது. நூறு வருஷம் தாண்டியும் வழக்கு தீரவில்லை.

சரி, அப்பாவின் கோப்புக்கு வருவோம். அது டிஸ்கி. தொண்ணூறுகளின் கடைசியில் மலேசியா, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா என்று சிதறிக் கிடந்த தமிழர்கள் மின்னஞ்சலில் மணிக்கணக்காக வாதாடி உருவாக்கிய குறியேற்றம். அதே சமயம் 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று வேறு இரண்டை அறிவித்தது தனிக்கதை. டிஸ்கியில் ஐரோப்பிய எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழை உட்கார வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாவிட்டால் பழைய குடித்தனக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். 'மீ'யின் சுழி பவுண்டாகத் தெரிவது அதனால்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. 'கெ' என்றால் டிஸ்கியில் முதலில் கொம்பு, பிறகு க. டைப்ரைட்டர் பழகிய அப்பாவுக்கு அதுதான் கைக்கு வந்தது. யூனிகோடில் க முதலில், கொம்பு பின்னால். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது, இடமும் மாற்ற வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதலாக எத்தனையோ நூல்களைத் தட்டச்சு செய்த தன்னார்வலர்கள், டிஸ்கியில் இருந்தவற்றையெல்லாம் இப்படித்தான் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

நல்லவேளை, அந்தக் காலத்து மாற்றிகள் இன்னும் கிடைக்கின்றன. ஒட்டினேன், பொத்தானை அழுத்தினேன். பவுண்டும் செண்ட்டும் மறைந்து, "கோடை மேலழகியான் கால்வாயில்" என்று அப்பா பேச ஆரம்பித்தார். மனைவியைக் கூப்பிடக் குரல் வரவில்லை, கையை மட்டும் ஆட்டினேன்.

அறுபத்திரண்டு பக்கம். இரண்டு ராத்திரியில் படித்துவிட்டேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது. அதில் எங்குமே அப்பா பெயர் இல்லை. 'நான்', 'என் தகப்பனார்', 'மூத்தவன்' (அது நான்!) என்றே போகிறது. கோப்பின் பெயர் 'புதிது 3'. விண்டோஸைக் கேட்டால் உருவாக்கிய தேதி இந்த ஞாயிறு, கடைசியாகத் திருத்திய தேதி 2003 என்கிறது. பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்பு! நகல் எடுத்த நாளைத்தான் அது பிறந்த நாளாக வைத்துக்கொள்கிறது. என் பையனுக்கு யார் இந்த 'நான்' என்று தெரியும். அவன் பிள்ளைகளுக்கு?

ஏடு எழுதியவர்கள் சிலர் கடைசி ஓலையில் தங்கள் பெயரும் ஊரும் நாளும் எழுதி, பிழை பொறுக்கக் கேட்டுக்கொள்வார்கள். நானும் கோப்பின் தலையில் நான்கு வரி அடித்தேன். அப்பா பெயர், தாத்தா பெயர், அம்பாசமுத்திரம், எழுதியது 2003, டிஸ்கியில். யூனிகோடுக்கு மாற்றியவன் மூத்த மகன், வித்துராவில். சில இடங்களில் ணகர னகரம் சந்தேகமாக இருக்கிறது, நான் கை வைக்கவில்லை.

பழைய டிஸ்க்கைத் தூக்கிப்போட மனமில்லை. மறுபடி அலமாரிக்கே போயிருக்கிறது.