இரண்டு ஊரடங்கு, இரண்டு அச்சம்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரம் கொரோனா காலத்தில் இரண்டு பெரிய ஊரடங்குகளைக் கண்டது. 2020 மார்ச்சில் தொடங்கிய முதல் ஊரடங்கில் ஆலைகள் மூடிக் கிடந்தன. வேலை போய்விடுமோ என்று மக்கள் பயந்தார்கள். 2021 மே மாத ஊரடங்கில் ஆலைகள் ஓடின. வேலைக்குப் போனால் உயிர் போய்விடுமோ என்று பயந்தார்கள். பதினான்கு மாதத்தில் அச்சம் இப்படித் தலைகீழானதற்கான காரணத்தை நோயில் தேடுவதைவிட இந்த வட்டாரம் உருவான விதத்தில் தேடுவது பயன் தரும்.

ஏரிப்பாசன நெல்வயல்களாக இருந்த நிலம் இது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் பதித்தது. 1998இல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர் லாரி ஆலை என்று வரிசை நீண்டது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்களில் பயிர் வருமானத்தோடு வாடகை வருமானமும் சேர்ந்தது. தென் மாவட்டத்து ஐ.டி.ஐ. பையன்களும் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் லைன் வீடுகளில் தங்கி, கம்பெனி பஸ் ஏறி ஷிஃப்டுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் கான்ட்ராக்ட் ஆட்கள். 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து ஊர் திரும்பியதை இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. ‘கம்பெனி திரும்பத் திறக்குமா?’ என்ற கேள்வி இங்கே கொரோனாவுக்கு முன்பே இருந்த கேள்வி.

2020 மார்ச் 7 அன்று கண்டறியப்பட்ட தமிழகத்தின் முதல் கொரோனா நோயாளி இதே காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்தான். மார்ச் 22 அன்று மத்திய அரசு முடக்கச் சொன்ன 75 மாவட்டங்களில் தமிழகத்திலிருந்து சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு ஆகிய மூன்றும் இருந்தன. மறுநாளே ஹூண்டாய் உற்பத்தி நின்றது. 24ஆம் தேதி மாலை 6 மணிக்கு மாநிலத்தில் 144 தடையுத்தரவு, நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு. கட்டுப்பாடுகளுக்கு அரசுகள் கையிலெடுத்த சட்டங்களில் ஒன்று 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாயைப் பிளேக் தாக்கியபோது பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த சட்டம் அது. அப்போதும் மில் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகப் பம்பாயைவிட்டு ஊருக்கு ஓடினார்கள்.

முதல் வாரங்களில் அச்சம் அயலார் மீது பாய்ந்தது. தமிழகமெங்கும் கிராமங்கள் நுழைவுப் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு, வேப்பிலைத் தோரணம் கட்டி, மஞ்சள் நீர் தெளித்தன. அம்மை கண்ட காலத்துப் பழக்கம் அப்படியே திரும்பி வந்தது. இறந்தவர்களைக்கூட விடவில்லை: ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. அடக்கத்தைத் தடுப்பவர்களுக்குச் சிறைத் தண்டனை விதிக்க அந்த மாதமே மாநில அரசு அவசரச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

அடுத்து வந்தது தகரம். தொற்று உறுதியான வீட்டு வாசலில் சவுக்குக் கம்பு நட்டு, தகரம் அடித்து, தனிமைப்படுத்தப்பட்ட பகுதி என்று பேனர் கட்டி, தரையில் பிளீச்சிங் பவுடரால் கோடு போடுவார்கள். தனி வீட்டுக்காரருக்கு இது அவமானம். பத்து அறைக்குப் பொதுவாக ஒரு குழாயும் கழிப்பறையும் உள்ள லைன் வீட்டில், ஒருவருக்குத் தொற்று என்றால் வரிசை முழுவதும் உள்ளே. காய்ச்சலைச் சொல்லாமல் மறைத்தவர்கள் பலர் வைரஸைவிடத் தகரத்துக்கே அதிகம் பயந்தார்கள்.

சம்பளமும் வாடகையும் அடுத்த கவலை. சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது, தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று மார்ச் 29 அன்று மத்திய உள்துறை ஆணையிட்டது; மே 18 முதல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. கான்ட்ராக்டர் மாறினால் வேலையும் மாறும் ஒருவருக்கு அந்த ஆணை எந்த அளவுக்கு உதவியிருக்கும் என்பது வேறு விஷயம். மே தொடக்கத்தில் பல்லாவரத்திலும் கிண்டியிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்கு அனுப்பக் கோரித் தெருவில் இறங்கினர். ஏப்ரல் மாதம் ஹூண்டாய் உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. மே 8 அன்று ஆலை திறந்து முதல் நாளில் 200 கார்கள் செய்தபோதுதான் வட்டாரம் மூச்சு விட்டது. ஆனாலும் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வாங்கும் கட்டாயம் ஆகஸ்ட் முடியும்வரை நீடித்தது.

இரண்டாம் அலை வேறு மாதிரி. 2021 ஏப்ரலில் ஸ்ரீபெரும்புதூர் ஆக்சிஜன் ஆலையின் உற்பத்தியை ஆந்திரா, தெலங்கானாவுக்குத் திருப்பிவிடும் ஒதுக்கீட்டை ரத்து செய்யச் சொல்லி அப்போதைய முதல்வர் பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மே 10 முதல் முழு ஊரடங்கு. மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. மளிகைக் கடையே மூடிய தெருவில் கம்பெனி பஸ் மட்டும் வந்து நின்றது, கார் ஆலைகளுக்கு விலக்கு இருந்ததால்.

கார் நகரும் கன்வேயரில் ஒரு வண்டியைச் சுற்றிப் பலர் நிற்பார்கள். ஒருவர் இருக்கையை முடுக்குவார்; பக்கத்திலேயே இன்னொருவர் கதவைப் பொருத்துவார். வண்டி நிற்காமல் நகரும். விலகி நிற்க முடியாது. ரெனோ–நிசான் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வைத்த வாதத்தின் மையம் இதுதான். பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுவதாக நிறுவனம் பதில் சொன்னது. மே 24 அன்று ஹூண்டாய் தொழிலாளர்கள் உள்ளிருப்பில் அமர்ந்தார்கள். ஆலை 25 முதல் 29 வரை மூடப்பட்டது. ரெனோ–நிசான் 26 முதல் 30 வரை மூடியது. பிறகு கன்வேயரில் இடையிடையே ஒரு வண்டிக்கான இடத்தைக் காலியாக விட்டு ஓட்டும் ஏற்பாடு பேசப்பட்டது. நோக்கியா மூடியபோது திறக்கச் சொல்லிக் கேட்ட வட்டாரம், ஏழாண்டில் மூடச் சொல்லிக் கேட்டது.

ஊரடங்கு தளர்ந்த பின்னும் உயிர் குறித்த இந்த அச்சம் ஒரு முறை வெடித்தது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே இந்த வட்டாரத்து ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சானது. மருத்துவமனைக்குப் போனவர்கள் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவ, பெண்கள் இரவிலேயே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். யாரும் இறக்கவில்லை. ஆனால் ஓர் அறையில் பலர் தரையில் படுத்துறங்கிய நிலைமை அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. இதே வட்டாரத்தின் வல்லம் வடகாலில் அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய, 18,720 பேர் தங்கக்கூடிய பெண் தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது.