பெயரும் பணமும்: பிள்ளைகள் பெயரில் எழுதப்பெற்ற நிலங்களின் வரலாறு

‘மைனருக்காக அவருடைய தகப்பனாரும் கார்டியனுமான’ என்னும் தொடர் தஞ்சைத் தரணியின் பழைய கிரயப் பத்திரங்களில் அடிக்கடி கண்ணில் படுவதாகும். பால்மணம் மாறாத பிள்ளை சில மா நன்செய்க்கு உரிமையாளர் ஆகிவிடுகிறது. பணம் தந்தையுடையது, கையொப்பம் தந்தையுடையது, குத்தகை நெல்லை அளந்து வாங்குபவரும் தந்தையே. அவர் இருக்கும்வரை சிக்கல் இல்லை. அவர் கண்மூடிய பின், அந்நிலம் பத்திரத்தில் பெயருள்ள பிள்ளைக்கா, பெற்ற மக்கள் அனைவருக்குமா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்குச் சட்டம் தந்த விடை 1854-க்கும் 1988-க்கும் இடையில் தலைகீழாக மாறியது. பழைய விடையால் மிகுதியும் இழந்தவர்கள் பெண்மக்களே என்பது என் கருத்து.

சொல்லாராய்ச்சி தமிழாசிரியையின் தொழிற்பழக்கம், அன்பர்கள் பொறுத்தருள்க. ‘பினாமி’ பாரசீகத்திலிருந்து வந்தது. பெயரில்லாதது என்பது அதன் பொருள். ‘தாயாதி’ என்பதற்கும் தாய்க்கும் தொடர்பில்லை. தாயம் என்பது வழிவழிச் சொத்து. அதனைப் பெறும் உரிமையுடையவர் தாயாதி. ‘மைனர்’ என்னும் ஆங்கிலச் சொல்லோ, வயது நிரம்பாதவர் என்னும் பொருளோடு நில்லாமல், தங்கச் சங்கிலியும் மல்லுவேட்டியுமாகத் திரியும் உல்லாசப் பேர்வழியையும் நம் வழக்கில் குறிக்கலாயிற்று. பிள்ளைப் பருவத்தில் வந்து சேர்ந்த சொத்து என்ன செய்யும் என்பதை ஊரார் ஒரே சொல்லில் எழுதி வைத்துவிட்டனர்!

நாகூர் நெல் விளையும் மண்ணின் விளிம்பில் அமைந்த கடலோடிகளின் ஊர். இவ்வூரின் உறவு எவ்வளவு தொலைவு சென்றது என்பதற்குச் சிங்கப்பூரில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்காவே சான்று. பினாங்குக்கும் இரங்கூனுக்கும் சென்ற வணிகர், ஈட்டியதை ஊரில் நிலமாக்கினர். கப்பல் வணிகத்தில் இன்று செல்வர், நாளை கடனாளி. கடன்காரர் கைக்கு எட்டாதிருக்கட்டும் என்று பிள்ளை பெயரில் வாங்கியவர் உண்டு. முன்தாரத்து மக்களுக்கும் பின்தாரத்து மக்களுக்கும் பிணக்கு வரக்கூடாதென்று வாங்கியவரும் உண்டு. பிணக்கு அதனாலேயே வந்தது.

இன்னொரு காரணமும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இசுலாமிய வாரிசுரிமைப்படி மகனின் பங்கில் பாதியே மகளுக்கு உரியது. மரண சாசனத்தால் இதனை எளிதில் மாற்றவும் இயலாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதுவதாயினும், சுன்னி மரபில் வாரிசு ஒருவருக்கே எழுதுவதாயினும், ஏனைய வாரிசுகளின் இசைவு வேண்டும். ஆகவே மகளுக்குக் கூடுதலாக ஏதேனும் அளிக்க விரும்பிய தந்தைக்கு வாழ்நாட்கொடையே வழி. ‘ஹிபா’ எனப்படும் இக்கொடைக்குப் பத்திரம் கட்டாயமன்று, வாய்ச்சொல் போதும். பெறுவது சொந்த மைனர் குழந்தையாயின் நிலத்தைக் கைமாற்றிக் கொடுக்கவும் வேண்டியதில்லை, தந்தையே காப்பாளர் ஆதலின். கொடுக்கும் உண்மையான எண்ணம் இருந்தால் கொடை நிறைவுறும். ஆனால் அவ்வெண்ணத்தை, அதனைச் சொன்னவர் மறைந்தபின், யார் மெய்ப்பிப்பது?

இந்து இல்லங்களில் நிலை வேறு. 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன், மகன் இருக்கத் தந்தையின் நிலத்தில் மகளுக்குப் பங்கில்லை. அவள் பெயரில் வாங்கிய இரண்டு மா நிலமே சில வேளைகளில் அவளுக்கிருந்த ஒரே காப்பு.

1854-இல், கோபீகிருஷ்ட கோசாயின் என்னும் வங்காள வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் தந்தை மகன் பெயரில் நிலம் வாங்கினால், அது மகனுக்கு அளித்த கொடை என்பதே சட்டத்தின் முதற்கோள். இந்தியாவில் அவ்வாறு கொள்ளலாகாது. பிறர் பெயரில் வாங்குவது இந்நாட்டு வழக்கம். பணம் யாருடையது என்பதே உரைகல் என்று நீதிபதிகள் கூறினர். 1869-இல் ஒரு வழக்கில் இதே விதி முசுலிம் குடும்பங்களுக்கும் பொருந்தும் என்றாயிற்று. நம் பழக்கத்தை அறிந்து சொன்ன தீர்ப்புகள் அவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் விளைவு யாது? தந்தையின் பணம் என்று காட்டியபின், அவர் கொடுக்கவே எண்ணினார் என்று மெய்ப்பிக்கும் பாரம் பிள்ளையின் தலையில் விழுந்தது. பத்திரம் எந்தப் பெட்டியில் இருந்தது, தீர்வை இரசீது யார் கையில், குத்தகைச் சீட்டு யார் பெயரில் என்ற வினாக்கள் தொடர்ந்தன. 1973-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இச்சோதனைகளை வரிசைப்படுத்தியது: பணத்தின் மூலம், அனுபோகம், நோக்கம், உறவு, பத்திரம் இருந்த இடம், பின்னைய நடத்தை. மணமாகிப் புகுந்த வீடு சென்ற மகளிடம் இவற்றுள் எது இருக்கும்? பெட்டிச் சாவி அண்ணனிடம், இரசீதும் அண்ணனிடம்.

பிள்ளையின் பெயரைக் காக்க வேண்டியவரே அதற்குப் பகையாவதும் உண்டு. இதில் தஞ்சை அரண்மனையே முன்மாதிரி. 1787-இல் துளஜா மன்னர் பத்து வயதும் நிரம்பாத சரபோஜியைத் தத்தெடுத்து, தம் தம்பி முறையினரான அமர்சிங்கைக் காப்பாளராக்கி மறைந்தார். தத்து செல்லாது என்று பண்டிதர்கள் உரைக்க, கம்பெனியார் அமர்சிங்கையே அரசராக்கினர். பாதிரியார் சுவார்ட்சு இடைவிடாது முறையிட்டார். வேறு பண்டிதர்கள் தத்து செல்லும் என்றனர். 1798-இல் சரபோஜி அரியணை ஏறினார். மறு ஆண்டே உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனிக்குப் போயிற்று. பிள்ளைக்கு உரிமை கிட்டியது, நிலம் கிட்டவில்லை. நம் நாகூரோ அதற்கும் முன்பே, 1770-களில், துளஜாவால் கம்பெனிக்கு அளிக்கப்பட்டுவிட்டது.

எளியோர் வீடுகளில் இச்சிக்கல் தாயின் வடிவில் வரும. 1918-இல் இமாம்பாந்தி வழக்கில், முசுலிம் தாய் தன் மைனர் பிள்ளைகளின் சொத்துக்குச் சட்டக் காப்பாளர் அல்லள், அவள் செய்த விற்பனை செல்லாது என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பிள்ளைகளைக் காக்கும் விதிதான்; ஆயினும் கணவனை இழந்து, கையில் காசின்றி நிற்கும் தாய், பிள்ளையின் சோற்றுக்காகவும் பிள்ளையின் நிலத்தை விற்க முடியாது.

அடுத்து நில உச்சவரம்பு. 1961-ஆம் ஆண்டின் சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என வரையறுத்தது. 1970-இல் அது 15 ஆயிற்று. மைனர் மகன்களும் மணமாகாத மகள்களும் குடும்பக் கணக்கிலேயே சேர்ந்தனர். பெண்களின் ஸ்திரீதன நிலத்துக்கு 10 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை தனிச் சலுகை இருந்தது. அதுவரை பத்திரத்தில் இடம்பெறாத பெண்களின் பெயர்கள் பெரும்பண்ணைகளின் ஏடுகளில் ஏறியதன் இரகசியம் இதுவே. கணக்கெடுப்பு அதிகாரி போனபின் அவர்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பது எளிதாயிற்று. பெயர் இரவல், ஆள் இரவல்.

1988-இல் வந்த பினாமித் தடைச் சட்டம், பினாமியாக வாங்கிய சொத்தைத் தன்னுடையதென்று மீட்க வழக்கிடும் உரிமையைப் பறித்தது. மனைவி பெயரிலோ மணமாகாத மகள் பெயரிலோ வாங்குவதை அது தடுக்கவில்லை; அதுமட்டுமன்றி, அது அவள் நலனுக்காகவே வாங்கப்பட்டது என்று முற்கோளும் வகுத்தது. மெய்ப்பிக்கும் பாரம் மறுப்பவர் மேல் மாறியது. 1854-இன் விதி, மகளைப் பொறுத்தவரை, அன்று கவிழ்ந்தது. மகன் பெயருக்கு அச்சலுகை இல்லை. 2016-இன் திருத்தமே, அறியத்தக்க வருவாயிலிருந்து எந்தப் பிள்ளையின் பெயரில் வாங்கினாலும் அதைப் பினாமியாகக் கொள்வதில்லை என்றது.

இடையில் 1995-இல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவுபடுத்தியது: வழக்கிடுவதற்கான தடை, சட்டம் வருமுன்பே தொடுத்த வழக்குகளைப் பாதிக்காது. தடை தொடங்கிய நாள் 1988 மே 19. ஆகவே அந்த நாளுக்கு முன்பே அண்ணன் நீதிமன்றப் படியேறியிருந்தால், தங்கை பழைய கேள்விகளுக்கே விடை சொல்லியாக வேண்டும்: பணம் யாருடையது, பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது?